இப்பவே டாக்டரும் பால்கோவா டப்பாவும்

அடுப்பில் வைத்த தண்ணீரைப் பார்த்து, "இன்னும் என்ன யோசனை ஒனக்கு?" என்று அதட்டிய ஒரே மனுஷி, இந்தப் பூலோகத்தில் எங்கள் இப்பவே டாக்டராகத்தான் இருக்க வேண்டும். வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்குத் தெரிவிக்க வேண்டாம். ஒருவரைத் தாங்கியதே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே கிருமிப் பரிசோதனை லேபுக்குத் தலைவர் அவர். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கேட்டால் வாட்ச்மேனே, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இப்பவே டாக்டர் என்றால்தான் தெரியும். எதைக் கேட்டாலும் கடைசியில் "இப்பவே" என்று ஒரு முத்திரை குத்துவதால் வந்த பெயர். "ஏலே, கையுறை வேணும், இப்பவே." "அந்த ஃபேன நிறுத்து, இப்பவே." நர்ஸ் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, "சீக்கிரம் புள்ளையப் பெத்துட்டு வேலைக்கு வந்துரு" என்றார். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத் தாலிகூட ஏறியிருக்கவில்லை.

ஆள் குள்ளம். நூல் சேலையை முந்தானையோடு இழுத்து இடுப்பில் செருகி, மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, அதையே லேப் முழுக்கத் தேடுவார். அவர் அறையில் ஒரு நாற்காலி உண்டு. அதில் அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. புது நாற்காலி வேண்டுமா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "இருக்குறதையே எடுத்துட்டுப் போ, நடக்க எடஞ்சலா இருக்கு" என்றார்.

அவருக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். அங்கிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் ராஜபாளையம் வருவார். சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, "அந்த லாரி போறான்ல, அவனுக்கு மட்டும் ரோடு தனியாவா போட்டிருக்கு?" என்று வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பார். ரயில்வே கேட் அடைத்திருந்தால் போச்சு. செங்கோட்டை ரயில் போகும்வரை பொறுக்காமல் இறங்கி, ரயில் போன மறுநிமிஷம் தண்டவாளத்தைத் தாண்டி விறுவிறுவென்று நடந்துபோவார். பஸ் பின்னாலேயே வந்து அவரைக் கடந்துபோகும். கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏறிக்கிடுங்க டாக்டரம்மா" என்று கெஞ்சுவார். "நீ வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்" என்பார் இவர். ஒருநாளும் பஸ்ஸுக்கு முந்திப் போய்ச் சேர்ந்ததில்லை.

புரட்டாசி சனிக்கிழமை எங்கள் ஊர்த் திருவண்ணாமலைக்குப் போவார். கிரிவலம் போகிற திருவண்ணாமலை இல்லை. இது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், மலைமேல் பெருமாள் நிற்கிற இடம். அன்றைக்குக் கூட்டம் படியெல்லாம் வழியும். சந்நிதியில் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்த ஒருவரின் தோளைத் தட்டி, "கும்புட்டாச்சுல்ல? நகருங்க. பெருமாளுக்கு ஒருதடவ சொன்னா வெளங்கும்" என்று சொல்ல, அந்த மனுஷன் வேண்டிக்கொண்டிருந்தது பாதியில் நின்றுபோய்ப் பெரிய சண்டையாகிவிட்டது.

இப்படிப்பட்டவருக்கு ஸ்டோரில் வாய்த்தவன் நான். நான் ஆற அமரக் காப்பி குடித்து, தினசரியில் ராசிபலன்வரை படித்து, அதற்குப் பிறகுதான் பூட்டைத் திறக்கிற ரகம். என் மனைவி மல்லிகா, "இவிய சட்டை போடுறதுக்குள்ள தீவாளி வந்துரும்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். எங்கள் இருவரையும் ஒரே கட்டடத்தில் கொண்டுவந்து போட்டது யார் செய்த சதி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"ஏலே ஸ்டோரு! நான் கேட்ட டெஸ்ட் கார்டு எங்க?"

"சொல்லியிருக்கேன் மேடம். மெட்ராஸ்ல இருந்து வரணும்."

"நடந்தா வருது?"

"வரும் மேடம். செத்த பொறுங்க."

அவ்வளவுதான். 'பொறுங்க' என்ற வார்த்தையை அவரிடம் சொல்வதும் காளையிடம் சிவப்புத் துணியைக் காட்டுவதும் ஒன்று. மேஜையில் ஓங்கித் தட்டினார். என் காப்பி டம்ளர் துள்ளியது.

"பொறுக்கணுமா? நான் பொறுப்பேன்லே. ரத்தத்துல கிருமி ஏறுன ஆளு பொறுப்பானா? பழைய மொறையில அதக் கண்டுபிடிக்க என்ன செய்யுதோம்? பாட்டில்ல ரத்தத்த ஊத்தி ஒருநா வளக்குதோம். பொறவு தட்டுல தேச்சு ஒருநா. பொறவு எந்த மருந்துக்கு அது சாவுதுன்னு பாக்க இன்னொரு நா. மூணாம் நாளு ரிப்போர்ட்டு ஜம்முனு வருது. வாங்குறதுக்கு ஆளு இருக்கணும்லா?"

எனக்கு அன்றைக்குத்தான் அந்த அவசரத்தின் அடி வேர் கொஞ்சம் தெரிந்தது. காய்ச்சல் என்று வருகிறவர்களில் பாதிப்பேர், மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே ரெண்டு ரெண்டு மாத்திரையாக வாங்கி விழுங்கிவிட்டு, சரியாகவில்லை என்றால்தான் எங்களிடம் வருவார்கள். அதற்குள் கிருமி மருந்தைப் பழகிவிடும். டாக்டர்கள் வழக்கமான ஊசியைப் போடுவார்கள். அது கேட்கவில்லை என்று தெரிவதற்குள் மூன்று நாள் ஓடிவிடும். அந்த மூன்று நாளைத்தான் இப்பவே டாக்டர் ஜென்ம விரோதியாக நினைத்தார்.

அவர் கேட்ட கார்டு ஒருவழியாக வந்தது. பாட்டிலில் கிருமி வளர்ந்த உடனேயே, அதிலிருந்து சில சொட்டு எடுத்துப் பக்குவப்படுத்தி இந்தக் கார்டில் விட வேண்டும். மருந்தை உடைத்துப்போடுகிற சாமர்த்தியம் அந்தக் கிருமிக்கு இருந்தால், அரைமணி நேரத்துக்குள், வழக்கமாக விழுகிற கோட்டோடு இன்னொரு கோடும் விழும். அந்த இரண்டாவது கோடு எந்த இடத்தில் விழுகிறதோ, அதை வைத்து எந்த மருந்து செல்லாது என்று அன்றைக்கே சொல்லிவிடலாம். பார்ப்பதற்கு, கர்ப்பமா இல்லையா என்று வீட்டிலேயே பார்க்கிற கார்டு மாதிரியே இருக்கும். லேபைக் கூட்டவந்த பேச்சியம்மா அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். கார்டில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நேரே ஐ.சி.யூ வாசலுக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரரின் மனைவியிடம், "ஒங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கோடு விழுந்திருக்குக்கா" என்று காதில் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள், "இந்த வயசுல இது என்ன கூத்து" என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பட்டாளத்துக்காரர் பிழைத்து வீட்டுக்குப் போனார். ஆனால் போகும்வரை அவரை எல்லோரும் ஒருமாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

அடுத்து வந்தது ஃப்ரிட்ஜ் யுத்தம். எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்னக் கிளை உண்டு. அங்கே லேப் கிடையாது. கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, எடுத்த ரத்த பாட்டில்களை டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். ராஜபாளையத்தில் எங்கள் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறக்கிக்கொள்வோம். அங்கே இருந்த சிஸ்டர் நல்ல பெண், சுத்தக்காரி. எது கையில் கிடைத்தாலும் கெட்டுப்போகக்கூடாது என்று ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவாள். ரத்த பாட்டிலையும் வைத்தாள். ஐஸ் கட்டியோடு அனுப்பினாள். கிருமி வெதுவெதுப்பில் வளர வேண்டியது. குளிரில் வைத்தால் அது பாட்டுக்குச் சுருண்டு படுத்துக்கொள்ளும், சில கிருமி செத்தே போகும். பாட்டிலில் ஒன்றும் வளராது. நோயாளிக்கு ரத்தத்தில் கிருமியே இல்லை என்று பொய்யாக ரிப்போர்ட் வரும்.

இப்பவே டாக்டர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஐஸ் தண்ணீரில் அமுக்கினார்.

"எப்படியிருக்கு?"

"குளிருது மேடம்."

"வேல செய்யத் தோணுதா?"

"இல்ல மேடம்."

"அதுக்கும் அப்படித்தான் இருக்கும். பச்சப்புள்ளைய அனுப்புற மாதிரி சுத்திச் சூடா அனுப்பணும். ஃப்ரிட்ஜ் பக்கம் போனேன்னு தெரிஞ்சுது, ஒன்னைய அதுக்குள்ள வச்சு மூடிருவேன்."

சிஸ்டர் பயந்துபோய், அன்றிலிருந்து பாட்டில்களைப் பஞ்சில் சுற்றி, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியில் பொதிந்து, கெட்டியான ஒரு அட்டை டப்பாவில் வைத்துச் சணல் கட்டி அனுப்ப ஆரம்பித்தாள். டப்பாவுக்கு எங்கே போவது? கிளை ஆஸ்பத்திரிக்குக் கீழேயே பால்கோவாக் கடை. கேட்டால் காலி டப்பா தருவார்கள். இப்படியாக, ஊர் உலகம் எல்லாம் தித்திப்பு போகிற டப்பாவில் எங்களுக்கு மட்டும் ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறுகிற ஆளில் பாதிப்பேர் கையில் அதே டப்பா இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் படித்தவர்கள் வேறு.

அன்றைக்குக் காலை. மல்லிகா, தன் சித்தி வீட்டுக் காதுகுத்துக்காக முந்தின நாளே ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். நான் ஸ்டோரில் ராசிபலனுக்கு வந்திருந்தேன். மச்சினன் போன் செய்தான். அவன் குரலே சரியில்லை.

"அத்தான், அக்காவுக்கு விடியக்காலம் இருந்து குளிரு தூக்கித் தூக்கிப் போடுது. நேத்து வந்ததுல இருந்தே நீர்க்கடுப்புன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. இங்க கிளை ஆஸ்பத்திரியில சேத்துட்டோம். பிரஷர் எறங்குதாம். ரத்தத்துல கிருமி ஏறியிருக்கும்னு சொல்லுதாக. ஆளு ஒரு மாதிரி பெனாத்துதா அத்தான்."

என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பூட்டைப் பூட்டாமல் ஓடினேன். வாசலில் வண்டியைக் கிளப்பும்போது சாவியை ஒருவர் பிடுங்கினார். பார்த்தால் இப்பவே டாக்டர்.

"எங்கலே போற?"

"மல்லிகா... மேடம், அங்க..."

"தெரியும். சிஸ்டர் சொன்னா. அங்க டாக்டர் இருக்காக, ஒம் மச்சினன் இருக்கான், ஒம் மாமியார் இருக்காக. நீ போயி கட்டிலப் புடிச்சுக்கிட்டு அழுவ. ஒம் பொண்டாட்டி ரத்தம் பஸ்ல வந்துக்கிட்டு இருக்கு. அதுக்கு யாரு இருக்கா?"

எனக்கு அவர்மேல் அப்போது வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பொண்டாட்டி உயிருக்குக் கிடக்கிறாள், பாட்டிலுக்குத் துணை வேண்டுமாம். ஆனாலும் சாவி அவர் கையில் இருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பஸ் நிற்பதற்குள் ஓடிப்போய், கண்டக்டர் நீட்டிய டப்பாவை வாங்கி, அங்கேயே சணலை அறுத்துத் திறந்தார்.

நெய் வாசம் கமகமவென்று வந்தது.

உள்ளே பால்கோவா. வாழையிலைக் கிழிசல் போட்டு, மேலே மெழுகுத்தாள் மூடி, அழகாக, பளபளவென்று பால்கோவா.  நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலே கண்டக்டரு! என்னடா இது?"

"சிஸ்டர் குடுத்த டப்பாதாம்மா... அய்யய்யோ." கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "பொண்ணு பாக்கப் போறவுக ஒரு குடும்பமா ஏறுனாவ. நசுங்கிரும்னு அவுக டப்பாவையும் எங்கிட்டத்தான் குடுத்து வச்சாவ. எல்லாம் ஒரே டப்பாவா இருக்கும்மா, நான் என்ன செய்வேன்! மில்லுக்கு முந்தின ஸ்டாப்புல எறங்கிப் போயிட்டாவ. காஸ் துணி காயப்போடுற தெருவுக்குள்ள போனாவ."

"வேற ரத்தம் எடுக்கச் சொல்லிருவோம் மேடம்" என்றேன். 

"எடுக்கலாம். ஊசி உள்ள போயிருச்சேலே. ஊசி போடுறதுக்கு முந்தி எடுத்த ரத்தம் அது ஒண்ணுதான். இனிமே எடுக்குறதுல கிருமி பாதி மயக்கத்துல கெடக்கும். செத்திருக்காது, பாட்டில்லயும் வளராது. ஒண்ணுமில்லன்னு நெனச்சு நாம ஏமாந்துருவோம். வண்டிய எடு!"

எடுத்தேன். பின்னால் உட்கார்ந்து, ஒரு கையில் பால்கோவாவை அணைத்துக்கொண்டு, மறு கையால் என் முதுகில் மத்தளம் வாசித்தார். "மாடு மேய்க்கவா போற? முறுக்குலே! அந்த பஸ்ஸத் தாண்டு!" நான் முறுக்கித்தான் இருந்தேன். அதற்குமேல் முறுக்கினால் கைப்பிடி கையோடு வந்துவிடும். காஸ் துணித் தெருவில் வெள்ளை வெளேரென்று நெடுநீளத்துக்குத் துணியைக் கொடி கட்டிக் காயப்போட்டிருந்தார்கள். அதற்குள் குனிந்து புகுந்து வெளியே வந்தபோது, எங்கள் இருவர் தலையிலும் துணி சுற்றி, நாங்களே அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்து தப்பி வந்தவர்கள் மாதிரி இருந்தோம்.

எந்த வீடு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் செருப்பு மலையாகக் கிடந்தது. உள்ளே ஜமுக்காளம் விரித்து மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தட்டில் வெற்றிலை, பழம், பூ, அதன் உச்சியில் எங்கள் டப்பா. பெண்ணின் அப்பா, எல்லாருக்கும் இனிப்புக் கொடுப்பதற்காகச் சணலில் கைவைத்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"தொறக்காதீங்க! அதுல ரத்தம் இருக்கு!" என்று வாசலிலிருந்தே கத்தினார் இப்பவே டாக்டர்.

எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். தலையில் பேண்டேஜ் துணியோடு ஒரு அம்மாள், கூடவே வேர்த்து விறுவிறுத்து ஒரு ஆள். பெண்ணின் அப்பா பாம்பைத் தொட்டதுபோல டப்பாவை விட்டார். "ஏமிடி இதி! என்ன இது!" என்று அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் தெலுங்கும் தமிழுமாகக் கூவினார். மாப்பிள்ளையின் அத்தை மட்டும் நிதானமாக மயங்கி, பக்கத்தில் இருந்த தலையணைமேல் பார்த்துச் சாய்ந்தார்.

டாக்டர் ஒரே தாவலில் டப்பாவைத் திறந்து, பஞ்சைப் பிரித்து, பாட்டிலைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு கையில் இருந்தும் எடுத்த ரத்தம், இரண்டு பாட்டில், சிஸ்டரின் முத்து முத்தான எழுத்தில் மல்லிகா பெயர். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் அழுதேன்.

"இத யாரு எங்க வச்சிருந்தது?"

பெண்ணின் அம்மா முன்னால் வந்தார். "நாந்தாம்மா. ஃப்ரிட்ஜுக்குள்ள வைக்கலாம்னு போனேன். உள்ள பூவும் பழமுமா எடமில்ல. அதான் ஃப்ரிட்ஜுக்கு மேல, ஸ்டெபிலைசர் பக்கத்துல வச்சேன். கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். தப்பா?"

"தப்பா! நீ மகராசியா இருப்ப தாயி!" என்று அந்த அம்மாளைக் கட்டிக்கொண்டார் டாக்டர். பால்கோவா டப்பாவை அவர் கையில் திணித்துவிட்டுக் கிளம்பினார். நான் ஏற்கெனவே வாசலில் இருந்தேன்.

அப்போதுதான் உள்ளே மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகச் சொல்வது கேட்டது. "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல ரத்தமா? சகுனம் சரியில்லையே. பொறவு பாத்துக்கிடுவோம்." பெண்ணின் அப்பா முகம் செத்துவிட்டது. கதவுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்ற அந்தப் பெண், தட்டை ஜன்னல் திண்டில் இறக்கி வைத்தாள்.

'பொறவு' என்ற சொல் காதில் விழுந்ததும் இப்பவே டாக்டர் திரும்பிவிட்டார்.

"யாருய்யா மாப்பிள்ள?"

மீசையைத் தடவிக்கொண்டிருந்த பையன் எழுந்து நின்றான்.

"ஒரு பொம்பள உயிரு இந்த வீட்டுல செத்த நேரம் பத்திரமா இருந்துட்டுப் போகுது. இதவிட நல்ல சகுனம் எங்கப்பா கெடைக்கும் ஒங்களுக்கு? பொண்ணப் புடிச்சிருக்கா, இல்லையா? சொல்லு, இப்பவே!"

"பு... புடிச்சிருக்கு."

"ஏட்டி, ஒனக்கு?"

பெண் தலையை ஆட்டியது. "முடிஞ்சுது. காப்பியக் குடிங்க" என்றார் டாக்டர். அத்தை மயக்கத்திலிருந்தே "அவசரத்தப் பாரு" என்றார்.

"மேடம்! வாங்க மேடம்! இப்பவே!" என்று வாசலில் நின்று நான் அலறினேன். அவரை அவசரப்படுத்திய ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான். அதற்கு அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் மெச்சுதல் இருந்ததாகவே எனக்கு ஞாபகம்.

பாட்டில் மெஷினுக்குள் போனது. சின்ன பீரோ மாதிரி இருக்கும் அந்த மெஷின், பாட்டிலை வெதுவெதுப்பாக வைத்து ஆட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே கிருமி வளர்ந்தால் விளக்கு எரிந்து கூவும். எவ்வளவு கத்தினாலும் அதை முடுக்க முடியாது. கிருமிக்கு அதன் நேரம் வேண்டும். வழக்கமாக டாக்டர் அதன் முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, "வாலே, வெளிய வா, ஒம் மூஞ்சியக் காட்டு" என்று கிருமியைச் சண்டைக்குக் கூப்பிடுவார். அன்றைக்கு நடந்தது நான். மெஷினுக்கும் ஜன்னலுக்கும், ஜன்னலுக்கும் மெஷினுக்கும். நடுநடுவே மச்சினனுக்குப் போன். "அப்படியேதான் இருக்கு அத்தான். காய்ச்சல் எறங்கல. பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஆளு தெரியாம முழிக்குதா." அதைக் கேட்டுவிட்டு எப்படி நிற்பது?

"ஸ்டோரு, உக்காரு" என்றார் டாக்டர்.

"முடியல மேடம்."

அப்போது ஒரு காரியம் செய்தார். இடைஞ்சல் என்று சொன்ன அந்த நாற்காலியை இழுத்து மெஷினுக்கு முன்னால் போட்டு, எனக்கு ஒரு ஸ்டூலையும் தள்ளிவிட்டு, நாற்காலியில் தான் உட்கார்ந்தார். லேபில் இருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் பயந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "நான் நடந்தா நீ பதறுவ. நீ நடந்தா எனக்குத் தல சுத்துது. ரெண்டு பேரும் இப்படியே இருப்போம்" என்றார். மத்தியானம் போனது. வெயில் சாய்ந்தது. யாரோ காப்பி கொண்டுவந்து வைத்து, அது ஆடை படிந்து ஆறியது. அவர் எழுந்திருக்கவே இல்லை. நாற்காலிக்கு அடியில் கால் மட்டும் தையல் மெஷின் மிதிப்பது போல ஆடிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம், தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தம் அடங்குகிற நேரத்தில், மெஷின் கூவியது. அவர் எழுந்ததை நான் பார்க்கவில்லை, நாற்காலி விழுந்ததைத்தான் பார்த்தேன். கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை, பிறகு கார்டில் சொட்டு. அந்தக் கார்டை நான்தான் எத்தனையோ முறை, "வரும் மேடம், வரும்" என்று இழுத்தடித்து வாங்கிப் போட்டவன். அது ஒரு நாள் என் வீட்டு விஷயமாக மேஜைமேல் கிடக்கும் என்று யார் கண்டது? சோதனை சரியாக நடந்ததற்கு ஒரு கோடு விழ வேண்டும், விழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு முதலில் மங்கலாக, பிறகு இளஞ்சிவப்பாகத் தெளிந்தது.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டருக்குப் போன் போட்டார். "மல்லிகாவுக்கு நீங்க போடுற ஊசி தண்ணி மாதிரிதான். கிருமி அத ஒடச்சுப் போட்டுருது. கோடு விழுந்திருச்சு. மாத்துங்க. என்னது, மூணு நாள் ரிப்போர்ட்டா? அது வரும்போது வரட்டும், ஒத்துப்பாத்துக்கிடுவோம். மருந்த மாத்துங்க, இப்பவே!"

மாற்று மருந்து கிளையில் இருப்பு இல்லை. என் ஸ்டோரில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் நின்று, வண்டிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"இப்பப் போலே" என்றார்.

மருந்து ஏறின மறுநாள் காய்ச்சல் மட்டுப்பட ஆரம்பித்தது. அதற்கு மறுநாள் மல்லிகா கண்ணைத் திறந்து என்னை நன்றாக அடையாளம் கண்டுகொண்டாள். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்ன மாதிரியே அழுதுகொண்டிருந்தேன். "இவ்வளவு நேரமா வாரதுக்கு?" என்றாள். அவள் பிழைத்துவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் உறுதியானது. லேபில் பழைய முறையில் வைத்த சோதனையும் முடிந்து வந்தது. கோடு சொன்னதையே அதுவும் சொன்னது. நன்றி சொல்லப் போன என்னை, "சொல்லிட்டேல்ல? கெளம்பு, கையுறை தீரப்போகுது" என்று விரட்டிவிட்டார் டாக்டர்.

அந்தப் பெண்ணும் பையனும் ஜோடியாக வந்து அவருக்குக் கல்யாணப் பத்திரிகை வைத்தார்கள். கூடவே ஒரு பால்கோவா டப்பா. வாங்கினதும் அவர் செய்த முதல் வேலை, அதைத் திறந்து பார்த்ததுதான்.

அவர் ஓய்வுபெற்றுக் கொஞ்ச காலம் ஆகிறது. போன மாதம் நானும் மல்லிகாவும் மடவார் வளாகத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். செருப்பைக் கழற்றுவதற்குள் காப்பி வந்துவிட்டது. குடித்து முடிப்பதற்குள், "சரி, பாத்தாச்சுல்ல? கெளம்புங்க, பஸ் போயிரும்" என்று எழுப்பிவிட்டார். மல்லிகாவை மட்டும் ஒருதடவை நிறுத்தி, நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

பஸ் நின்றிருந்தது. நாங்கள் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தோம். டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போனவர் வரவே இல்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தபடி, இதோ, டீக்கடைக்குப் போய் அந்த ஆளைப் பிடித்து இழுத்துவரப் போகிறார் என்று காத்திருந்தேன். டிரைவர் டீ குடித்து, டம்ளரைக் கழுவி வைத்து, யாரிடமோ மழையைப் பற்றிப் பேசிவிட்டு, சாவகாசமாக வந்து ஏறினார். இப்பவே டாக்டர் வெயிலில் நின்று மல்லிகாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டிரைவரை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.